முதலில் அனுப்பியவர் யார்?

2018ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல வழக்கு வந்தது. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றையும் ஆதாருடனோ அரசு வழங்கிய வேறொரு அடையாள அட்டையுடனோ இணைக்க உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை. ஆதார் இணைப்புக்கு நீதிமன்றம் இசையவில்லை. ஆனால் விசாரணை அத்துடன் முடியாமல் வேறொரு கேள்விக்கு நகர்ந்தது: வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றிவரும் ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று அந்த நிறுவனத்தால் சொல்ல முடியுமா? அந்தக் கேள்வி காற்றில் பிறந்ததல்ல. அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்து ஊர்க்கூட்டம் அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற சிற்றூரில் இதே சந்தேகத்துக்கு ஐந்து பேர் பலியானார்கள். இரண்டு இடத்திலும் கூட்டத்தைத் தூண்டியது கைப்பேசிகளில் பரவிய வதந்தி. சென்னை வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்ற எண்ணுடன் அந்தக் கேள்வியே கட்டளையாக மாறியது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலி எதுவானாலும், நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அலுவலரோ கேட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டியாக வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்டு என்று விதி சொல்லவில்லை. அனுப்பிய ஆளை மட்டும் காட்டு என்கிறது. ஐந்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டும் என்கிறது. வேறு வழியில் கண்டுபிடிக்க முடியுமானால் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இத்தனை வரம்புகளுக்குப் பிறகும் இந்த விதியை ஏன் எதிர்க்க வேண்டும்? காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு செய்தியின் மூலத்தை நாளைக்குக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இன்றைக்கே எல்லோருடைய எல்லாச் செய்திகள் மீதும் அடையாளம் பதித்து வைத்திருக்க வேண்டும். எந்தச் செய்தி குற்றமாகப் போகிறது என்று அனுப்பும் நொடியில் யாருக்கும் தெரியாது. ஆகவே குற்றவாளிக்கு மட்டும் பொருந்தும் கண்காணிப்பு என்ற ஒன்று இங்கே கிடையாது. அப்படி எல்லோர் மேலும் பதித்த அடையாளம் குற்றவாளியைப் பிடித்துத் தருமா என்றால், அதுவும் தராது.

வாட்ஸ்அப் செய்திகளை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை மறையாக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். விவாதிக்கும் பலரும் தாண்டிப்போகும் இடம் இது. துபாயில் இருக்கும் அண்ணனும் தென்காசியில் இருக்கும் தங்கையும் இரகசியமாகப் பேச வேண்டும். இருவரிடமும் ஒரே சாவி இருந்தால் ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறக்கலாம். ஆனால் அந்தச் சாவியை எப்படிக் கொடுத்துக்கொள்வது? வழியில் உள்ள அனைவரும் ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றாண்டுகளாகத் தூதுவர்களையும் குறியீட்டுப் புத்தகங்களையும் நம்பி மனிதர்கள் சமாளித்துவந்த இந்தச் சிக்கலுக்கு 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு விடையை வெளியிட்டார்கள். சிறிய எண்களில் அதைச் செய்து பார்க்கலாம். 3, 17 என்ற இரண்டு எண்களை இருவரும் ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். அண்ணன் மனத்துக்குள் 6 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறார். ஆறு 3களைப் பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15ஐத் தங்கைக்கு வெளிப்படையாக அனுப்புகிறார். தங்கை நினைத்த எண் 7. ஏழு 3களைப் பெருக்கினால் 2187. 17ஆல் வகுத்தால் மீதி 11. அதை அண்ணனுக்கு அனுப்புகிறார். இப்போது அண்ணன் தனக்கு வந்த 11ஐ ஆறு முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறார், மீதி 8. தங்கை தனக்கு வந்த 15ஐ ஏழு முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறார். அவருக்கும் மீதி 8. இருவர் கையிலும் 8 என்ற ஒரே சாவி வந்துவிட்டது. அந்த 8 கம்பி வழியாக ஒருமுறைகூடப் பயணம் செய்யவில்லை. ஒட்டுக்கேட்டவருக்கு 3, 17, 15, 11 ஆகிய நான்கும் தெரியும். அவற்றிலிருந்து 8க்குப் போக வேண்டுமானால், பெருக்கி வகுத்த மீதியிலிருந்து மனத்தில் வைத்த எண்ணுக்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். 17 போன்ற சிறிய எண்ணில் அது எளிது. 77 இலக்கப் பகா எண்ணை அடித்தளமாகக் கொண்டு, பெருக்கலுக்குப் பதிலாக ஒரு வளைகோட்டுப் புள்ளிகளின் மேல் இதே கணக்கைச் செய்யும்போது, இன்றைய கணினிகள் அனைத்தையும் சேர்த்து ஓட்டினாலும் அந்தப் பின்னோக்கிய நடை முடியாது. வாட்ஸ்அப், சிக்னல் ஆகிய இரண்டு செயலிகளிலும் இருப்பது அந்த வளைகோட்டுக் கணக்குதான்.

2013 வாக்கில் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் ட்ரெவர் பெரினும் இதன் மேல் இன்னொரு அடுக்கைக் கட்டினார்கள். ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறும். பயன்படுத்திய சாவி அழிக்கப்படும். இன்று உங்கள் கைப்பேசியைப் பறித்து அதில் உள்ள சாவிகளை எடுத்தாலும், நேற்று வழியில் பதிவுசெய்து வைத்திருந்த மறைசெய்தியை அவற்றால் திறக்க முடியாது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு காலத்தில் ராணுவங்களுக்கும் பெரிய வங்கிகளுக்கும் மட்டும் வாய்த்த பாதுகாப்பு நூறு கோடிப் பேர் கைக்குப் போனது. கணித வரலாற்றில் இவ்வளவு எளிய மக்களுக்கு இவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்ந்த கண்டுபிடிப்பு வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. இதன் விளைவாக நிறுவனத்தின் சர்வரில் கடந்து போவது பொருளற்ற எழுத்துக் கூளம். ஒரே செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்து வெவ்வேறு கூளங்கள் போகும். ஒரு குழுவில் வந்த வதந்தியும் இன்னொரு குழுவில் வந்த வதந்தியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூடச் சர்வரால் முடியாது. ‘முதலில் அனுப்பியவர்’ என்ற தகவலை நிறுவனம் ஒளித்து வைத்திருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு தகவல் எங்குமே உருவாவதில்லை. விதி 4(2) அதைப் புதிதாக உருவாக்கச் சொல்கிறது.

எப்படி உருவாக்கலாம்? சென்னை வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவிய சென்னை ஐஐடி கணினி அறிவியல் பேராசிரியர் காமகோடி 2019இல் ஒரு வழி சொன்னார். செய்தியோடு அதை முதலில் எழுதியவரின் அடையாளமும் சேர்ந்து பயணம் செய்யட்டும்; எத்தனை கை மாறினாலும் அது ஒட்டிக்கொண்டே போகட்டும். வேண்டுமானால் அந்த அடையாளத்தை நிறுவனம் மட்டும் திறக்கும்படி பூட்டி வைக்கலாம். நீதிமன்றம் கேட்கும்போது திறக்கலாம். பொதுநலம் கருதி முன்வைக்கப்பட்ட, தொழில்நுட்பம் அறிந்த ஒருவரின் யோசனை இது. ஆகவே பொறுப்புடன் பரிசீலிக்க வேண்டியது. மும்பை ஐஐடி மறையாக்கவியல் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அப்படித்தான் பரிசீலித்து மறுத்தார். அடையாளத்தை ஒட்டுவது அனுப்புபவர் கைப்பேசியில் உள்ள செயலி. செயலியைத் திருத்தி எழுதத் தெரிந்தவர் தன் எண்ணுக்குப் பதில் இன்னொருவர் எண்ணை ஒட்டி அனுப்பலாம். கலவரம் தூண்டத் திட்டமிடுபவர் இந்த வேலையைத்தான் முதலில் செய்வார்; மாட்டிக்கொள்பவர் செயலியை ஒழுங்காகப் பயன்படுத்திய அப்பாவி. இது போக, அடையாளத்தைப் பூட்டாமல் அனுப்பினால், தோழிக்கு ஒரு பெண் எழுதிய செய்தி கை மாறிப் போகும் இடமெல்லாம் அவருடைய தொலைபேசி எண்ணும் போகும். பூட்டி அனுப்பினால், நாட்டில் யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதையெல்லாம் திறக்கும் ஒற்றைச் சாவி ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கும்.

இன்னொரு யோசனை 2021இல் அரசுத் தரப்பிலிருந்து வந்தது: ஒவ்வொரு செய்திக்கும் ‘ஹாஷ்’ போடுங்கள். ஹாஷ் என்பது எந்த நீளச் செய்தியையும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் கணக்கு. பரவலாகப் புழங்கும் ஷா-256 முறையில் ஒரு சொல்லுக்கும் ஒரு நாவலுக்கும் ஒரே அளவு, 64 எழுத்து விடை வரும். விடையிலிருந்து செய்தியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் செய்தியைப் படிக்காமலே அதன் ஹாஷையும் அனுப்பியவர் பெயரையும் பதிந்து வைக்கலாம், அந்தரங்கத்துக்குப் பழுதில்லை என்பது வாதம். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஹாஷைத் திரும்ப அவிழ்க்கத் தேவையே இல்லை. சந்தேகப்படும் வாக்கியத்தை எழுதி அதற்கு ஹாஷ் போட்டு, பதிவேட்டில் தேடினால் போதும். ‘இந்த அமைச்சர் ஊழல்வாதி’ என்ற வரியை, ‘நாளை வேலைநிறுத்தம்’ என்ற வரியை யாரெல்லாம் அனுப்பினார்கள் என்ற பட்டியல் வந்துவிடும். உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை என்ற சமாதானம் அந்த இடத்தில் உடைகிறது. குற்றவாளி விஷயத்திலோ நேர் எதிர். நல்ல ஹாஷின் இலக்கணமே, உள்ளீட்டில் ஒரு புள்ளி மாறினாலும் விடை அடியோடு மாற வேண்டும் என்பது. வதந்தியின் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்தால் புதிய ஹாஷ். படத்தின் ஓரத்தை வெட்டினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் புதிய ஹாஷ், புதிய ‘முதல்’ ஆள். சாதாரண மனிதர் சாதாரணமாகப் பேசியது பதிவேட்டில் நிற்கும். தப்ப நினைப்பவருக்கு ஒரு விரல் தட்டல் போதும்.

‘முதலில் அனுப்பியவர்’ என்ற கருத்தே தடுமாற்றமானது. ஃபேஸ்புக்கில் பார்த்த படத்தை அக்கறையோடு குடும்பக் குழுவில் போட்டு ‘இது உண்மையா?’ என்று கேட்கும் அத்தைதான் வாட்ஸ்அப் கணக்கில் முதல் ஆள். காவல்துறைக்குத் தெரிவிப்பதற்காக வதந்தியைப் படமெடுத்து அனுப்புகிறவரும் முதல் ஆளாகலாம். மூலம் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே மூலவராகக் கொள்ள வேண்டும் என்கிறது விதி. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நாள்தோறும் செய்தி வந்து குவியும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். உறவினர் அங்கிருந்து அனுப்பியதை இங்கே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவர், எழுதாத ஒன்றுக்கு எழுத்தாளர் ஆகிவிடுகிறார்.

நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரும் திறக்க மாட்டார்கள், கட்டுக்காவல் இருக்கும், பிறகென்ன என்று கேட்கலாம். இது வலுவான வாதம். ஆனால் இதற்கு வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. 1993இல் அமெரிக்க அரசு கிளிப்பர் என்ற சில்லை அறிவித்தது. தொலைபேசிப் பேச்சை மறையாக்கும். அதைத் திறக்கும் சாவியின் பிரதி அரசிடம் பத்திரமாக இருக்கும். மறு ஆண்டே மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர், சாவியை எடுக்க அரசுக்கு வழிகாட்டும் தகவல் சரியானதுதானா என்று சோதிக்க வெறும் 16 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். 65,536 சாத்தியங்கள்தான், முயன்று பார்த்தே போலித் தகவலைச் செருகிவிடலாம். அதாவது தப்ப நினைப்பவர் அரசின் வழியை அடைத்துவிட்டுச் சில்லை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. கிரேக்கத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகங்களில் கட்டிவைத்திருந்த வசதியை, யாரென்று தெரியாத ஆட்கள் இரகசியமாக முடுக்கிவிட்டு, 2004, 2005 ஆண்டுகளில் பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கைப்பேசிகளைக் கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சீனாவுடன் தொடர்புடையவர்கள் என்று அந்நாட்டு அரசு சொல்லும் ஊடுருவிகள் புகுந்தபோது, நீதிமன்ற ஆணைப்படி திரட்டிய தகவல்களும் அவர்களால் நகலெடுக்கப்பட்டன. பல்லாண்டுகளாக மறையாக்கத்துக்கு எதிராக வாதாடிய அதே அரசின் இணையப் பாதுகாப்பு அதிகாரிகள், அந்த ஆண்டு டிசம்பரில், முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று குடிமக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். நீதிமன்ற ஆணையின் முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டு வழிவிடும் அறிவு எந்தக் கணக்குக்கும் இல்லை. திறக்க ஒரு வழி இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் அனைவருக்கும் அது வழி.

அடித்துக் கொல்லப்பட்டவர்களுக்கு என்ன பதில் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. வதந்தி கொல்வது அதன் வேகத்தால். மூலவரைத் தேடிப் பிடிப்பது கொலை நடந்த பிறகு நடக்கும் வேலை. பரவலைத் தடுப்பது அதற்கு முன்னால் நடக்க வேண்டியது. 2018 ஜூலையில், அந்தக் கொலைகளுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றப்பட்டது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வரம்பு இறுகியது. அதன் பிறகு அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. அறிவியல் நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை பூட்டிய செய்திக்குள்ளேயே போகிறது; கைப்பேசிதான் அதைப் படித்து வரம்பைச் செயல்படுத்துகிறது. யார் எழுதினார் என்று யாரும் அறியாமலே பரவல் கட்டுப்பட்டது. இந்தத் திசையில் இன்னும் போகலாம். கலவர நேரத்தில் வரம்பை மேலும் இறுக்கச் சொல்லலாம்.

காவல்துறைக்கும் கண் கட்டப்பட்டுவிடவில்லை. முனைக்கு முனை மறையாக்கம் நடுவழியைத்தான் மூடுகிறது. இரண்டு முனைகளும் திறந்தே இருக்கின்றன. வதந்தியைப் பெற்ற ஆயிரம் பேரில் ஒருவர் கைப்பேசியைக் காட்டினால் போதும், தனக்கு அனுப்பியவர் யார் என்று தெரிந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போகலாம். சட்டப்படி கைப்பற்றிய கைப்பேசி, குழுவின் நிர்வாகி, கணக்குக்குரிய எண், ஐபி முகவரி எல்லாம் விசாரணைக்குக் கிடைப்பவை. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் படங்களைப் பகிர்வதாகச் சந்தேகிக்கும் கணக்குகளை மாதம் மூன்று லட்சத்துக்கு மேல் முடக்குவதாக வாட்ஸ்அப் சொல்கிறது. பயனர் புகார்களையும் மறையாக்கப்படாத சுயவிவரப் படம், குழுப் பெயர் போன்றவற்றையும் கொண்டே அதைச் செய்கிறது. இப்படிக் கை கையாகத் துப்புத் துலக்குவது மெதுவானது, ஆள் பலமும் பயிற்சியும் கேட்பது என்பது உண்மைதான். சைபர் காவல் நிலையங்களில் போதிய தொழில்நுட்ப ஆட்களை அமர்த்தச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க, ஊரில் தபால் பெட்டியில் கடிதம் போடும் ஒவ்வொருவரும் வரிக்கு வரி கைரேகை பதித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல அரசுக்கு உரிமை கிடையாது.

இந்த நிறுவனங்களை நம்பிப் பேச முடியுமா என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா, விளம்பரத்துக்காக மனிதர்களின் நடத்தையைத் திரட்டி வளர்ந்த நிறுவனம். அந்தத் தயக்கம் நியாயமானது; அதனால்தான் அத்தகைய நிறுவனத்தின் கையில் மக்கள் பேச்சின் பதிவேடு ஒன்றை உருவாக்கிக் கொடுக்கக் கூடாது. மறையாக்கம் நம்மைக் காப்பது அரசிடமிருந்து மட்டும் அல்ல, செயலியை நடத்துபவரிடமிருந்தும்தான். ஒளிக்க எதுவும் இல்லாதவருக்கு என்ன பயம் என்பவர்கள், கணவனின் அடிக்குத் தப்பி அக்காவிடம் உதவி கேட்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கட்டும். முதலாளியின் ஊதிய மோசடியைச் சங்கத்துக்குத் தெரிவிக்கும் தொழிலாளியை, மணல் கொள்ளையைப் பற்றி நிருபருக்குத் துப்புக் கொடுக்கும் கிராமத்து இளைஞரை நினைத்துப் பார்க்கட்டும். இவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்ல. தாங்கள்தான் முதலில் சொன்னோம் என்பது வெளியே தெரிந்தால் இவர்களில் எவருக்கும் பாதுகாப்பு இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்தத் தேவையின் அளவை மீறாமல் இருக்க வேண்டும். சிலரைப் பிடிக்க நாற்பது கோடிக்கு மேற்பட்ட பயனர்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடையாளம் பதிப்பது எந்த அளவுகோலிலும் மிகை. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யாவுக்கு எதிரான போட்சாசோவ் வழக்கில் இதையே சொன்னது: குறிப்பிட்ட சிலருக்காக மறையாக்கத்தைத் தளர்த்தச் செய்வது எல்லாப் பயனரின் பாதுகாப்பையும் தளர்த்திவிடும், ஜனநாயகச் சமூகத்தில் அது தேவையின் அளவை மீறியது. இங்கே விதி 4(2)ஐ எதிர்த்து வாட்ஸ்அப் 2021இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னதைத்தான் ஊடகங்கள் பெரிதாக வெளியிட்டன. ஒரு நிறுவனம் இருப்பதும் போவதும் சின்ன விஷயம். குடிமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கணக்கு வைக்கக் கூடாது என்ற கோட்பாடு நிற்க வேண்டும். அதற்காக வாதாட வேண்டியவர்கள் நாம். 2015 செப்டம்பரில் குடிமக்கள் தங்கள் செய்திகளை 90 நாள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற வரைவுக் கொள்கை வெளியானபோது, மக்கள் எதிர்ப்பால் ஒன்றிய அரசு அதை உடனடியாக விலக்கிக்கொண்டது. விதி 4(2)ஐயும் அதுபோலவே விலக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் அதைக் கேளுங்கள்.